காலித் தொட்டி

கடல்மீன் காட்சியகத்துக்குப் புது மேலாளர் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் ஒரு ஆளின் சீட்டைக் கிழிக்க முடிவு கட்டிவிட்டார்.

ஆள் யார் என்றால், பதினாலாம் தொட்டியான குழல்மீன் தொட்டிக்குக் காவலாக உட்காரும் அம்மா. ஸ்டூலை விட்டு அசையாததால் சக ஊழியர்கள் வைத்த பெயர் 'ஸ்டூல் அக்கா'.

புகார்ப் புத்தகத்தில் ஒரே மாதத்தில் பதினோரு புகார். எல்லாம் ஒரே பாட்டுதான்: 'குழல்மீன் தொட்டி காலி. இது என்ன ஏமாற்று வேலை?'

மேலாளர் மீனுக்கு இரை போடுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஏழு மீனும் நன்றாகத் தின்று கொண்டு ஜம்மென்று இருப்பதாக அவர் சொன்னார். குழல்மீன் என்பது கடல்குதிரைக்குச் சித்தப்பா மகன் முறை. குதிரை நிமிர்ந்து நிற்கும், இது புல்போல நீட்டிக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியென்றால் காலி என்று கிளப்பிவிடுவது யார்? மேலாளர் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பார்வையாளர் மாதிரி கூட்டத்தோடு உள்ளே போனார்.

தொட்டி நிறையப் பச்சைப் புல். குனிந்து பார்த்தார், மீன் எதுவும் கண்ணில் படவில்லை. கார் சாவியால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். அதற்குள் அந்த அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"அதுல ஒண்ணும் இல்ல சார். வெறும் புல்லு. உள்ள போனா திருக்கை இருக்கு, முறம் அளவுக்கு. அதப் போய்ப் பாருங்க."

போர்டில் பெயர் போட்டிருக்கிறதே என்று கேட்டார். போர்டு இருக்கு, மீன்தான் இல்ல என்றார் அந்த அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மேலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் சேர்ந்தால் எழுந்து நின்று பார்த்துக்கொள்ள வேண்டுமே, அந்தச் சோம்பேறித்தனம்! தூணுக்குப் பின்னால் நின்று கவனித்தார். அரைமணி நேரத்தில் நாலு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியாயிற்று.

அப்புறம் சட்டையெல்லாம் சுண்ணாம்புத் திட்டோடு ஒரு பெயின்டர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் தொட்டியையே பார்த்தபடி நின்றார். அந்த அம்மா அவர் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியில் படாமல் விரலை நீட்டி ஏதோ காட்டினார். பெயின்டர் வாய் பிளந்து நின்றார்.

சரிதான், சொந்தக்காரனுக்கு மட்டும் தனி தரிசனம் போலிருக்கிறது! மேலாளர் அறைக்குத் திரும்பி அந்த அம்மாவை வரவழைத்தார். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் போடப் போவதாகச் சொல்லிவிட்டு, எதற்காகப் பொய் என்று கேட்டார்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலைய எடுத்தா எடுத்துக்குங்க சார். இன்னும் ஒம்பது நாள் மட்டும் விடுங்க. அங்க ஒருத்தன் முட்டையோட இருக்கான்."

"ஒருத்தனா?"

"ஆமா சார், அதுல அப்பன்தான் சுமக்கறான். அடிவயித்துல வரிசையா ஒட்ட வச்சுக்கிட்டுத் திரியறான். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், நம்பவே இல்ல. போன தடவை யாரோ தட்டினதுல பதறிப்போய்க் கல்லுல மோதிட்டான் சார். அத்தனையும் உதிர்ந்துபோச்சு. அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல."

தட்டாதீர்கள் என்று போர்டு வைத்திருக்கிறோமே என்றார் மேலாளர்.

"அதப் படிச்சதும்தான் சார் தட்டவே தோணுது. காலின்னு சொல்லிப் பாருங்க, ஒருத்தரும் தட்ட மாட்டாங்க. கையக் கட்டிக்கிட்டு நிக்கறவங்களுக்கு நானே கூப்பிட்டுக் காட்டுவேன். அந்தப் பெயின்டர் யாருன்னே எனக்குத் தெரியாது."

மேலாளர் எழுந்து அவரோடு தொட்டிக்குப் போனார். அந்த அம்மா காட்டிய இடத்தில் ஒரு புல் மெல்லத் திரும்பியது. அதற்குக் கண் இருந்தது. வயிற்றில் கடுகு கடுகாய் முட்டைகள். அட, என்ன அழகு! இந்த அம்மாதான் இங்கேயே இருக்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்து சொல்லியும் விட்டார்.

மனசு லேசானதும் கொஞ்சம் சீண்டிப் பார்க்கத் தோன்றியது.

"ஆனா, வந்தது மேலாளர்னு தெரிஞ்சிருந்தா எங்கிட்ட அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க, இல்லையா?"

அந்த அம்மா தயங்கினார்.

"தெரியும் சார். முந்தாநாள் நீங்க வேலைக்கு வந்தப்போ வாசக்கதவைத் திறந்துவிட்டதே நான்தான். ஆனா நீங்களும் தட்டினீங்களே, சார்."