முதல் நாள் பாடம்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான். சுத்தமாகத்தான் இருந்தது.

மறுபடி மாட்டி உதைத்தான். மொபெட் இருமக்கூட இல்லை.

வீட்டிலிருந்து கிளம்பி ஒன்றரை கிலோமீட்டர்தான் வந்திருந்தார்கள்.

மனைவி வாய்க்கால் ஓரம் நின்றிருந்தாள். பட்டுப்புடவை. மார்போடு அணைத்துப் பிடித்த ஃபைல். பத்து மணிக்கு யூனியன் ஆபீசில் நேர்காணல். சத்துணவு அமைப்பாளர் வேலை. நாற்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது.

வண்டி அவளுடையது. தினமும் இட்லி மாவுத் தூக்குகளைக் கட்டிக்கொண்டு நான்கு ஊர் சுற்றுகிறவள். இன்று புடவை கசங்கும் என்று அவன் ஓட்டினான். விடிந்ததும் அவனே வண்டியைக் கழுவித் துடைத்தும் வைத்திருந்தான்.

"ஏங்க, பெட்ரோல் வருதான்னு பாத்தீங்களா?"

"டேங்க் நெறையக் கெடக்கு."

"இருக்கும். கீழ வருதான்னு..."

குனிந்து டேங்குக்கு அடியில் கையை நீட்டினாள்.

அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

வாய்க்காலுக்குள் நூறு நாள் வேலைப் பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"பத்தொம்பது வருசமா ஐ.டி.ஐ.யில இதத்தான் சொல்லிக்குடுக்குறேன். மாவு விக்கிறவ எனக்குப் பாடம் எடுக்காத."

யாரோ ஒருத்தி சிரித்தாள்.

மனைவி கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மெயின் ரோட்டுக்கு நடந்து ஒம்போதே கால் பஸ்ஸப் புடிச்சிடவா?"

"அஞ்சு நிமிசம் இரு."

கார்புரேட்டரைக் கழற்றினான். பெட்ரோல் குழாயை உருவியபோது கையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அப்போதாவது தெரிந்திருக்க வேண்டும். அவன் உள்ளே இருந்த சின்ன ஓட்டைகளை ஊதிக்கொண்டிருந்தான்.

"அல்லியக்கா, பஸ்ஸு போவுதுக்கா," என்றாள் வாய்க்காலில் நின்ற ஒருத்தி.

வயலுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸின் கூரை மட்டும் தெரிந்தது. நகர்ந்து போய்விட்டது.

அல்லி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினாள். வயலுக்குக் குறுக்கே மெயின் ரோட்டை நோக்கி நடந்தாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது ஒன்பதரை. கீழே விழுந்த துணியை எடுக்கக் குனிந்தான்.

டேங்குக்கு அடியில் பெட்ரோல் டேப்பின் திருகு மூடியிருந்தது.

காலையில் கழுவும்போது அவன்தான் மூடினான். கார்புரேட்டரில் மிச்சம் இருந்ததை வைத்து வண்டி இதுவரை வந்திருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவான். முதலில் பெட்ரோல். அப்புறம் கரண்ட். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

டேப்பைத் திருப்பினான். ஒரு நிமிடம் பொறுத்து உதைத்தான்.

ஒரே உதை.

பெண்கள் மதகுப் பக்கம் நகர்ந்து போயிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. அது அவனுக்கு முதலில் தோன்றியது. அவள் நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது.

சாலையைச் சுற்றிக்கொண்டு போனான். மெயின் ரோடு திருப்பத்தில் அவள் தெரிந்தாள். புடவைக் கரையில் சேறு. போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தாள். நூறு அடி இருக்கும். இப்போது ஏற்றிக்கொண்டால் பத்து மணிக்குள் போய்விடலாம்.

என்ன ஆச்சு என்று கேட்பாள்.

வேலிக்கருவைப் புதர் மறைவில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். என்ன சொல்வதென்று யோசித்தான். தூசி அடைத்திருந்தது என்று சொல்லலாம். நம்புவாளா? அவள் கையை நீட்டிய இடம் அவளுக்குத் தெரியும்.

நிமிர்ந்தபோது செங்கல் டெம்போ ஒன்று அவள் அருகில் நின்றிருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

டெம்போ கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அந்த நிம்மதி கூசியது.

ஓடுகிற வண்டியை வீடு வரை தள்ளிக்கொண்டு போனான். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் கார்புரேட்டர் என்றான். வாசலில் சாக்கை விரித்தான். நன்றாக இருந்த கார்புரேட்டரை மறுபடியும் கழற்றி அதன்மேல் பரப்பி வைத்தான்.

அவள் வரும்போது மணி ஒன்றரை.

"டெம்போக்காரரு வழியில கல்ல எறக்கிட்டுத்தான் போனாரு," என்றாள். "நான் போறதுக்குள்ள ரெண்டு தடவ என் பேரக் கூப்பிட்டு முடிச்சிட்டாங்களாம்."

ஃபைலை வாசற்படியில் வைத்தாள்.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன அல்லி, வாத்தியாராலயே முடியலையா?"

"அவரு என்னக்கா பண்ணுவாரு. பழைய வண்டி. வெயில்ல குந்திக்கிட்டு அந்தப் பாடுபட்டாரு."

உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள். தட்டோடு வந்து சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் இரண்டு கையிலும் கருப்பு.

"கைய வச்சிடாதீங்க. காலையிலேருந்து பட்டினி. நானே தர்றேன்."

சோற்றைப் பிசைந்தாள். கண்ணோரம் மை கரைந்து காய்ந்திருந்தது.

"அல்லி," என்றான்.

"ம்."

ஒரு கவளம் உருட்டி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் வாயைத் திறந்தான்.