பாதிச் சவரம்

அந்தச் சலூனில் ஜெயித்த கட்சிக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லை. தோற்ற கட்சிக்காரரான சலூன்காரர்தான் அவர் கன்னத்தில் நுரை பூசிக்கொண்டே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்தவரைத் தெருவே ஓவர்சியர் என்றுதான் கூப்பிடும். ஊர் ரோடு வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருடமாக ஒரே கட்சி, ஒரே சின்னம். ஒழுங்கு, கட்டுப்பாடு, பெரியவர்களிடம் மரியாதை என்று பேசுகிற கட்சி.

இந்தத் தடவை நூற்றுக்கு நாற்பத்தேழு இடம் வந்திருந்தது. ஆட்சி அமைக்க இன்னும் நான்கு வேண்டும்.

"அந்த மூணாவது வாக்குறுதி இருக்கே, அதைச் செய்வாங்கன்னு நினைக்கிறியா?" என்றார் ஓவர்சியர். காலையிலிருந்து இதே கேள்வியை அவர் பேப்பர் கடைக்காரரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் கேட்டாயிற்று.

மூன்றாவது வாக்குறுதி எல்லோருக்கும் மனப்பாடம். முறையான விசா இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்களை வீடு வீடாகச் சோதனை போட்டுப் பிடித்து, நூறே நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

சலூன்காரருக்கு அது பிடிக்காத விஷயம். ஆனாலும் கட்டாயம் செய்வார்கள் என்றுதான் சொன்னார்.

"செய்ய மாட்டாங்கப்பா. நான் பார்க்காத எலெக்‌ஷனா? இடம் பத்தலை, கோர்ட் விடலைன்னு எதையாவது சொல்லிட்டு, நாலு பாலத்தைத் திறந்து வச்சுட்டுப் போயிடுவாங்க."

"சொந்தக் கட்சி மேலயே இவ்வளவு நம்பிக்கையா? பேசாம எங்க பக்கம் வந்துடுங்கண்ணே."

ஓவர்சியர் சிரிக்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். கத்தி இரண்டு தடவை நழுவப் பார்த்ததும், சலூன்காரர் அவர் தலையைப் பிடித்து நேராக நிறுத்தி, மூக்கு மேல ஆசையிருந்தா ஆடாம இருங்க என்றார்.

அப்போதுதான் டிவியில் புதுச் செய்தி ஓடியது. ஏதோ ஒரு சின்னக் கட்சி ஆதரவுக் கடிதம் கொடுத்துவிட்டதாம். அதனிடம் இருந்தது சரியாக நான்கு இடம்.

"அப்புறம் என்ன, இனிமே உங்க ராஜ்ஜியம்தான். நூறு நாள்ல முடிச்சுடுவாங்க பாருங்க."

ஓவர்சியர் எழுந்துவிட்டார். ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது, மறு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. இன்னொரு பக்கம் பாக்கியிருக்கிறதே என்று சலூன்காரர் கத்தியோடு பின்னாலேயே வந்தார்.

"மணி ஆறாகப் போகுது. வீட்டுல அவளைப் புரட்டிப் படுக்க வைக்கணும். ரெண்டு ஆள் இல்லாம முடியாது."

அவர் மனைவி நான்கு வருடமாகப் படுக்கையில் இருப்பது சலூன்காரருக்கும் தெரியும். ஒரே மகன் தூர தேசத்தில் இருக்கிறான் என்பதும் தெரியும். ஆனாலும் அந்த ஓட்டத்தைப் பார்த்து, மனுஷனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை வாய் கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஓவர்சியர் அதைப் பார்க்காதவர் போல உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு கட்டிலின் இந்தப் பக்கம் நின்றார்.

அந்தப் பக்கம், விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தபடி, வீட்டோடு தங்கி மனைவியைப் பார்த்துக்கொள்ளும் பெண் தயாராக நின்றாள். நான்கு வருடமாக அவள் நிற்கிற பக்கம் அது. எண்ணுவதும் அவள்தான், அவள் தேசத்து மொழியில். அந்த மொழியில் மூன்று வரைக்கும் ஓவர்சியருக்கும் பாடமாகியிருந்தது.

மூன்றாவது எண்ணில் இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். மனைவி அலுங்காமல் அவர் பக்கம் புரண்டாள்.

"என்ன இது, பாதி மூஞ்சியோட வந்து நிக்கிறீங்க?" என்றாள்.

பெண் விரிப்பை விடவில்லை.

"நூறு நாள்தான்னு டிவில சொல்றாங்கப்பா. நான் போயிட்டா இந்த முனையை யாரு பிடிப்பாங்க?"

ஓவர்சியர் தலையணையைச் சரி செய்தார். சரியாக இருந்ததை மறுபடியும் சரி செய்தார்.

"நீங்களும் அவங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டீங்க?"

கன்னத்தில் நுரை காய்ந்து இழுத்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"செய்ய மாட்டாங்கன்னு நம்பித்தாம்மா போட்டேன்."