பெரியவருக்கு ஒரு தட்டு

சக்குபள்ளம் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர் லயத்தில், பிலோமினாவைப் பெண் பார்க்க வந்த சவேரியம்மாளும் மகன் இன்னாசியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெண்ணின் அம்மா அன்னமேரி, ஆளில்லாத இடத்தில் இன்னொரு தட்டு வைத்துச் சோறு போட்டாள்.

“இது யாருக்கு மதினி?” என்றாள் சவேரியம்மாள்.

“எங்க வீட்டுப் பெரியவருக்கு. தெனமும் அவருக்குப் போட்டுட்டுத்தான் நாங்க சாப்புடுவோம்.”

சவேரியம்மாளுக்குச் சுருக்கென்றது. பெரியவர் ஒருத்தர் இருப்பதாக மகன் சொல்லவே இல்லை.

“கல்யாணத்துக்கப்புறம் அவரை யாரு பாத்துக்குவா?”

“பிலோமினா எங்க போனாலும் அவரும் கூடவே போவாரு.”

“எங்க வீட்டுக்குமா? நாங்களே ஒத்த அறையில கெடக்கோம். பொண்ண மட்டும் அனுப்புறதா இருந்தா பேசலாம்.”

அன்னமேரி நிமிர்ந்து, சுவரிலிருந்த இயேசு படத்தைக் காட்டினாள். “சேசுசாமியை விட்டுட்டு எம் பொண்ணு எங்கயும் வரமாட்டா.”

“சேசுசாமிக்கா தட்டு? அவரு வந்து சாப்புடுவாராக்கும்?”

“பசிச்ச யாரையாவது அனுப்புவாரு. ஒருநாளும் அந்தச் சோறு மிஞ்சுனதில்ல.”

“நல்லாருக்கே! எவனோ திங்கிறதுக்கு…”

“எவனோ இல்லம்மா, நான்தான்,” என்றான் இன்னாசி. “போன மழையில வேலையில்லாம இந்தப் பக்கம் அலைஞ்சப்ப, இந்தத் தட்டுலதான் சாப்பிட்டேன். அதான் இந்த வீட்டுல பொண்ணு கேக்கச் சொன்னேன்.”

சவேரியம்மாள் அந்தத் தட்டின் விளிம்பைத் தொட்டாள்.

“சீரு ஒண்ணும் வேண்டாம் மதினி. எம் புள்ள சாப்புட்ட இந்தத் தட்டைக் குடுங்க, போதும்.”

“இதைத் தரமாட்டேன்,” என்றாள் அன்னமேரி. “நாளைக்கும் இங்க ஆளு வரும். உங்க வீட்டுல நீங்க ஒண்ணு வைங்க.”