நகத்தளவு சோப்பு

கடைக் கண்ணாடி வழியே சாயங்கால வெயில் அலமாரியில் சாய்ந்து கிடக்க, தையற்காரம்மா ஒவ்வொரு சோப்பாக எடுத்து முகர்ந்து பார்த்து வைக்கிறாள். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருக்கிறாள். உள்ளங்கையில், வெட்டுத் துணிக்குள் பொத்திய நகத்தளவு சோப்புச் சில்லு. சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு போன மகள் குளியலறையில் விட்டுப்போனது அது. "பிளாஸ்டிக்ல சுத்தினது எதுவும் இனிமே வீட்டுக்குள்ள வரக் கூடாதும்மா" என்று மல்லுக்கு நின்று, அவளே வாங்கி வந்த காகித உறைச் சோப்பு. தூக்கி எறிய மனசு வராமல், எட்டு மாதமாக அதை வைத்துத்தான் துணியில் வெட்டுக்கோடு போடுகிறாள். இன்று மத்தியானம், யாருடைய ரவிக்கைக்கோ கழுத்து வளைக்கும்போது, அது படக்கென்று ஒடிந்துவிட்டது. ஐந்தாவது சோப்பில் கை நிற்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே யாரோ பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. "அக்கா," கடைப்பெண் ஒரு படிவத்தை நீட்டுகிறாள், "கம்பெனியில கேக்கறாங்க. இதை எதுக்கு வாங்கறீங்க? சருமத்துக்கா, சுற்றுச்சூழலுக்கா?" தையற்காரம்மா கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்: "துணியில கோடு போடறதுக்கும்மா." கடைப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "புதுச் சோப்புல கோடு விழாதேக்கா! அதுக்குச் சாக்குக்கட்டி போதுமே." "தெரியும்மா," என்கிறாள் அவள். சோப்பு இன்னும் மூக்கருகேதான் இருக்கிறது. "ரெண்டாக் குடு. ஒண்ணு குளியலறையில இருக்கட்டும். அவ வந்தா தேடுவா."