பதினொரு காலி ஃபோல்டர்கள்

ஒரே மென்பொருள் லைப்ரரிகளை ஆளாளுக்கு உட்கார்ந்து தங்கள் கணினியில் ஓடும்படி பில்ட் செய்து மாய்வானேன் என்று, ஜெசிந்தா தன் கணினியிலேயே அவற்றை முடித்து, ஒரே பொதியாக்கிக் குழுவுக்கு அனுப்பினாள். தன் கணினியில் அவை இருந்த ஃபோல்டரின் முகவரியை அதிலிருந்து நீக்க மட்டும் மறந்துவிட்டாள். யார் கணினியில் திறந்தாலும் அந்தப் பொதி முதலில் ‘ஜெசிந்தா’ என்ற ஃபோல்டரைத் தேடியது. இல்லையென்றால் நகர மறுத்தது. பதினொரு பேரும் அவள் பெயரில் ஒரு காலி ஃபோல்டரைப் போட்டுவைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அதிலிருந்து, பஸ்ஸில் அவள் கண்ணயரும்போதெல்லாம் கனவில் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. குழுவினர் ஒவ்வொருவராக உள்ளே வந்து, ஒன்றுமில்லாத ஓர் அறையை எட்டிப் பார்த்து, நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள்.

வேலையை விட்டுப் போகும் நாளில் அவள் பிழையைத் திருத்திப் புதுப் பொதியை அனுப்பினாள்.

“இனிமே என் பேர்ல இருக்குற ஃபோல்டரை அழிச்சிடலாம்.”

எல்லோரும் அழித்தார்கள். பக்கத்து இருக்கை இர்ஃபான் மட்டும் சும்மா இருந்தான்.

“நீங்க அழிக்கலையா?”

“எனக்குப் பழசே நல்லா ஓடுதுங்க” என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அன்று மாலை பஸ்ஸில் அவள் கண்ணயர்ந்ததும், கதவு ஒரே ஒரு முறை தட்டப்பட்டது. ஜெசிந்தா அந்தக் காலி அறையில் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுப் போய்த் திறந்தாள்.