தலை சுற்றாத மாப்பிள்ளை

பெண் பார்க்கக் குருக்கள்மடம் போன நிலோஜனை, பெண்ணின் தகப்பன் பின்வளவுக்குக் கூட்டிப்போய்ச் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். மூன்று கிளாஸ் முடித்தும் நிலோஜன் தூண் மாதிரி நின்றான்.

"எனக்கு ஏறாது மாமா" என்று மார் தட்டினான்.

துணைக்கு வந்த கூட்டாளி சுபாஸ்கரனோ அரைக் கிளாஸிலேயே வேலியோரம் குந்தி வாந்தியெடுத்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது, ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் மணப்பெண் நிருஷாதான்.

"பொம்பிளையள் மாதிரி, சாராயம் மணந்தாலே விழுந்திருவான்" என்று நிலோஜன் சிரித்தான். திரும்பும் வழியெல்லாம், "என்ட மானத்த வாங்கிற்றாய்" என்று கூட்டாளியைத் திட்டித் தீர்த்தான்.

மறுநாள் தரகர் கோணாமலை வந்தார். "பிள்ளைக்குப் பொடியனப் பிடிச்சிருக்காம், மனே."

"பிடிக்காம என்ன? நான் நிண்ட நிலை அப்பிடி!"

"நீ இல்ல, மனே. வாந்தியெடுத்த பொடியன். சாராயம் ஊத்தச் சொன்னதே அந்தப் பிள்ளதானாம். ஆம்பிளையோ பொம்பிளையோ, கெதியா, ரெண்டு மடக்கிலேயே ஏறினா உடம்பே போதுமெண்டு நிப்பாட்டிருமாம். ஏறாத பொடியன்மார்தான் பிறகு குடிச்சுக் குடிச்சுத் தன்ட வார்டுக்கு வாறாங்களாம்."

நிலோஜன் அப்போதும் நேராகத்தான் நின்றான். தலை மட்டும், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, கிறுகிறுவென்று சுற்றியது.