பதினோராவது சொட்டு

“விஷம்னு நான் சொல்லல, மேடம். விஷம் இல்லைன்னு அவளைச் சொல்லச் சொல்லுங்க, அது போதும்.”

மீன் காட்சியகத்தின் மேலாளர், எதிரே நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பேசியவர், தொட்டித் தண்ணீரைப் பரிசோதிப்பவர். பத்தொன்பது ஆண்டுகளாகச் சோதனைக் குழாயில் சொட்டுகளை எண்ணி வருவதால், ‘சொட்டுக்காரர்’ என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பேசாமல் நின்றவள், தொட்டிக் கண்ணாடிகளைத் துடைப்பவள்.

“நீங்க என்ன பார்த்தீங்க?”

“காலையில பவளத் தொட்டிக்கு ஏணி போட்டு ஏறி, பாட்டில்ல இருந்து எதையோ ஊத்திட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் பாட்டிலைத் துடைக்கிற துணிக்குள்ள சுருட்டிட்டா. நல்லது செய்யறவங்க எதுக்கு மேடம் ஒளிக்கணும்?”

“பாட்டில்ல என்ன இருந்தது?” என்று மேலாளர் அவளைக் கேட்டார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

“வாயைத் தெச்சா வெச்சிருக்கு? மேடம் கேக்கறாங்கல்ல?” என்றார் சொட்டுக்காரர்.

மேலாளருக்கும் சில நாள்களாகவே அந்தத் தொட்டியின் கணக்கில் ஓர் ஐயம் இருந்தது. சொட்டுக்காரரின் பதிவேட்டைத் திருப்பி, அவரையே கேட்டார்.

“தொட்டிக்குத் தினம் ஊத்த வேண்டிய காரக் கரைசலை மூணு வாரமா நீங்க ஒரு மூடிகூட ஊத்தல. எழுதி வெச்சிருக்கீங்க.”

“எப்படி ஊத்தறது? தண்ணியில காரத்தன்மை எட்டு சொட்டு இருந்தா சரி. இங்க தினம் பதினொண்ணு காட்டுது. இன்னும் ஊத்தினா பவளத்தோட நுனியெல்லாம் வெந்துபோயிடும்.”

“பவளம் தன் உடம்பை வளர்த்துக்க அந்தக் காரத்தைத்தானே எடுத்துக்குது? தொட்டியில புதுக் கிளை விட்டிருக்கு. ஊதா நிறம் பளிச்சுன்னு இருக்கு. அப்படி வளர்ந்தா தண்ணியில இருக்கறது குறையணுமே. உங்க பதினொண்ணு மட்டும் இறங்காம ஏன் அங்கயே நிக்குது?”

சொட்டுக்காரர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் தெளிந்தது.

“அதைத்தானே நானும் சொல்றேன். இவ ஊத்தறதுனாலதான் ஏறி நிக்குது. போன வருஷம் எனக்கும் சொட்டு எண்ணக் கத்துக்குடுங்கன்னு வந்து நின்னா. கண்ணாடியை ஒழுங்காத் துடைன்னு சொல்லி அனுப்பினேன். அந்தக் காந்தல், வேற ஒண்ணும் இல்ல. தொட்டி கெட்டா பழி யாரு மேல விழும்?”

பண்டக அறையில் அந்தக் கரைசலைக் கலக்கும் காரத்தூள் டப்பா பாதியாகக் குறைந்திருந்தது மேலாளரின் நினைவுக்கு வந்தது. எல்லாம் பொருந்துவதாகவே தோன்றியது.

“கடைசியாக் கேக்கறேன். பதில் சொல்லலேன்னா நாளையில இருந்து நீ வர வேணாம்.”

“சரிங்க, மேடம்,” என்றாள் அவள்.

குற்றமற்றவள் இவ்வளவு எளிதில் சம்மதிப்பாளா? மேலாளர் உதட்டைச் சுழித்தார். எனினும், ஒருவரை வேலையை விட்டு நீக்குவதற்கு முன் காரணத்தைத் தம் கண்ணால் பார்த்து எழுதுவதே அவருடைய வழக்கம்.

“வாங்க. என் முன்னாடி ஒரு தடவை சோதிச்சுக் காட்டுங்க.”

தொட்டியின் பின்னறையில் சொட்டுக்காரர் குழாயில் தண்ணீரை அளந்து எடுத்து, நிறங்காட்டும் திரவத்தைச் சேர்த்தார். தண்ணீர் நீலமாயிற்று.

“இப்ப இந்த மருந்தைச் சொட்டுச் சொட்டா விடணும், மேடம். எத்தனையாவது சொட்டுல நீலம் மஞ்சளா மாறுதோ, அதுதான் கணக்கு.”

சொட்டுகள் சீராக விழுந்தன. பழகிய கை.

“ஆறு. ஏழு. எட்டு.”

எட்டாவது சொட்டில் நீலம் முற்றிலும் மறைந்து, குழாய் மஞ்சளாகியது. மேலாளர் எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தார்.

“ஒன்பது,” என்றார் சொட்டுக்காரர், குழாயைக் கண்ணருகே கொண்டுபோய். “பத்து.”

மேலாளரின் பேனா அப்படியே நின்றது.

“பதினொண்ணு. இப்பதான் மாறுது, பாருங்க. மஞ்சள்.”

சொட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தவள், மேலாளரை நோக்கி ‘வேண்டாம்’ என்பதுபோல் தலையசைத்தாள்.

“பதினொண்ணுன்னு எழுதிக்குங்க, மேடம். இவளை அனுப்பிப் பாருங்க, தானா எட்டுக்கு இறங்கும்.” சொட்டுக்காரர் குழாயைக் கழுவுவதற்காக வெளியே போனார்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “பாட்டில்ல இருந்தது?”

“நம்ம காரக் கரைசல்தாங்க. அவர் ஊத்தாம விடறதை நான் அளந்து ஊத்திடறேன். இல்லேன்னா பவளம் வளராம நின்னு வெளுத்துடும்.”

“அளவு உனக்கு எப்படித் தெரியும்?”

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துடைச்சுட்டே, இந்தப் பக்கம் அவர் சோதிக்கறதைத் தினம் பார்க்கறேன். அவர் பதினொண்ணு வரைக்கும் எண்ணினாலும் எனக்கு எட்டுலயே மஞ்சள் தெரிஞ்சுடும். அந்த எட்டு குறையாத அளவுக்கு ஊத்தறேன்.”

“இதை அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?”

“எப்படிங்க சொல்ல? நிறம் பார்க்கறதுதான் அவர் பிழைப்பே. கண்ணு மங்கினது அவருக்கே இன்னும் தெரியாது.”

“உன் பிழைப்பு போகப் பார்த்துச்சே. அதுவும் அவர் வாயாலேயே.”

அவள் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“போனா என்னங்க? எனக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. வேற வேலை தேடிக்குவேன்.”